படகை விற்க வேண்டும்: தரகர் மூலமா, நேரடியாகவா? (அவசரம்)

ஓரலை
வணக்கம். படகை விற்க முடிவு செய்துவிட்டேன். தரகரிடம் விடலாமா, நானே விற்கலாமா? தரகர் 10 சதவீதம் கேட்கிறார். ஒருவர் நேரில் வந்து பார்த்தார், பிடித்திருக்கிறது என்கிறார். சனிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் உடனே சொல்லுங்கள்.

நங்கூரம்
என்ன படகு? நீளம்? பாயா, மோட்டாரா? எந்த வருடத்தது? தண்ணீரில் நிற்கிறதா, கரையேற்றி வைத்திருக்கிறீர்களா? "படகு" என்று மட்டும் சொன்னால் நாங்கள் எதை வைத்துப் பதில் சொல்வது?

இரண்டாம்கை
நேரடியாகவே விற்றுவிடுங்கள். ஆனால் பொறுமை வேண்டும். என் படகுக்கு ஒரு குடும்பம் மூன்று ஞாயிறு தொடர்ந்து வந்தது. குழந்தைகள் மெத்தையில் குதித்தார்கள், அப்பா சுக்கானைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். மூன்றாவது வாரம், ஒரு நாளைக்கு இரவல் தருவீர்களா என்று கேட்டார். வாங்கியவர் அப்புறம் ஐந்து மாதம் கழித்து வந்தார். ஒரே நாளில் முடித்துக்கொண்டு போய்விட்டார்.

பழைய_சுக்கான்
இந்தக் கேள்வி மாதம் தவறாமல் இங்கே வருகிறது. தேடிப் பார்க்கிற வழக்கம்தான் யாருக்கும் இல்லை. தம்பி, 10 சதவீதம் என்று மலைக்கிறீர்களே, படகு விற்காமல் நிற்கிற ஒவ்வொரு மாதமும் துறை வாடகை, காப்பீடு, பாட்டரி, அடிப்பாகச் சுத்தம் என்று எவ்வளவு போகிறது என எழுதிப் பார்த்தீர்களா? அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம். பதினெட்டு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம்கை
ஐயா, தரகரிடம் விட்டாலும் அந்த வாடகையை அவரா கட்டுகிறார்?

பழைய_சுக்கான்
சீக்கிரம் விற்றால் குறைவாகக் கட்டுவீர்கள். இதற்கும் விளக்கம் வேண்டுமா?

ஓரலை
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 31 அடி பாய்மரப் படகு, பைபர் கிளாஸ், 1998. உள்ளே டீசல் எஞ்சின், புதிதாக வந்தபோது இருந்ததேதான். மொத்தம் 410 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது, அதனால் நல்ல விலை போகும் என்று நினைக்கிறேன். தண்ணீரில்தான் நிற்கிறது.

டீசல்_பித்தன்
1998 படகுக்கு 410 மணியா? வருடத்துக்குச் சுமார் பதினைந்து மணி. இதை விளம்பரத்தில் பெருமையாகப் போடாதீர்கள். விவரம் தெரிந்தவர் அந்த வரியைப் படித்ததும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். டீசல் எஞ்சின் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். அந்தப் பதினைந்து மணியிலும் பாதி, பாட்டரி ஏற்றுவதற்காகத் துறையில் கட்டியபடியே சுமையில்லாமல் ஓட்டியதாக இருக்கும். கரி படிய அதுவே போதும்.

நங்கூரம்
இது சும்மா பயமுறுத்தல். மணி குறைந்தால் தேய்மானம் குறைவு, அவ்வளவுதான். என் எஞ்சின் இருபது வருடத்தில் 300 மணி தாண்டவில்லை. ஒரு குறையும் இல்லை.

டீசல்_பித்தன்
புகை வெளியேறும் வளைவுக் குழாயைக் கழற்றிப் பார்த்தீர்களா? சூடான புகையோடு கடல்நீர் கலக்கிற இடம் அது. உப்பும் கரியும் சேர்ந்து உள்ளே கல்லாக இறுகியிருக்கும்.

நங்கூரம்
கழற்றுகிற தேவை இதுவரை வரவில்லை.

டீசல்_பித்தன்
அதைத்தான் சொல்கிறேன்.

வெண்நாரை
எஞ்சினைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஓரலை, தரகர் 10 சதவீதம் "கேட்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சளவில் கேட்டாரா, ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்களா?

சிறுதுடுப்பு
நேரடியாக விற்பதென்றால் ஒரு எச்சரிக்கை. படகைப் பார்க்காமலே முழு விலைக்குச் சம்மதித்து, அதைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை அனுப்பி, "மீதியை ஏற்றிச் செல்கிறவருக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்கிறவர்கள் உண்டு. காசோலை பின்னால் திரும்பிவரும், நீங்கள் கொடுத்த மீதி வராது. பணம் உறுதியாக வந்து சேர்ந்தது என்று வங்கி சொல்லும்வரை சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

பழைய_சுக்கான்
இதற்குத்தான் தரகர். முன்பணம், பெரும்பாலும் விலையில் 10 சதவீதம், அவருடைய தனிக் கணக்கில் இருக்கும். சர்வேயும் (நிபுணர் படகைச் சோதிப்பது) கடல் ஓட்டமும் (கடலில் ஓட்டிப் பார்ப்பது) முடிந்து இரு பக்கமும் ஒத்துக்கொண்ட பிறகுதான் கைமாறும். இதெல்லாம் அரிச்சுவடி.

இரண்டாம்கை
தனிக் கணக்கு வைத்திருக்கிற தரகராக இருந்தால். வைத்திருக்கிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். எல்லாத் தரகரும் ஒன்றல்ல. இன்னொன்றையும் கேளுங்கள்: இதே ரகப் படகுகளுக்கு அவர் என்ன விலை போட்டார், கடைசியில் என்ன விலைக்குப் போயிற்று? முதல் எண்ணை மட்டும் சொல்லி உங்களை மகிழ்விக்கிற தரகர், இரண்டு மாதம் கழித்து "விலையைக் குறையுங்கள்" என்று தொலைபேசியில் கூப்பிடுவார்.

ஓரலை
வெண்நாரை: ஒரு தாள் தந்தார், கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதம் இருக்கும். அது பட்டியலில் சேர்ப்பதற்கு மட்டும்தானே? பார்க்க வந்தவரைத் தரகர் அழைத்து வரவில்லை, அவரே நேராக என்னிடம் வந்தார்.

நங்கூரம்
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா!

வெண்நாரை
அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களைப் பாருங்கள். அது தனியுரிமை ஒப்பந்தமா, பொதுவான பட்டியலா என்பது முதலாவது. தனியுரிமை என்றால், ஒப்பந்தக் காலத்துக்குள் நீங்களே ஆள் பிடித்து விற்றாலும் கமிஷன் கொடுக்க வேண்டும் என்றே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். சிலர் பேசி, உரிமையாளர் தானே பிடித்த ஆளுக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொள்வார்கள். உங்கள் தாளில் அப்படி ஏதாவது இருக்கிறதா?

காலம் எவ்வளவு என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் பலரை மாட்டிவிடுகிறது: ஒப்பந்தம் முடிந்த பிறகும், தரகர் மூலம் படகை அறிந்த ஒருவருக்கு இத்தனை மாதத்துக்குள் விற்றால் கமிஷன் உண்டு என்கிற வரி. காலம் முடியட்டும் என்று காத்திருந்து, அதே ஆளுக்கு விற்று, பிறகு வக்கீல் நோட்டீஸ் வாங்கிய ஒருவரை எனக்கு நேரடியாகத் தெரியும்.

இன்னொரு கேள்வி. வந்தவருக்கு உங்கள் படகு விற்பனைக்கு இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது?

பழைய_சுக்கான்
படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே வந்து "அவசரம்" என்று தலைப்பு வைக்கிறார்கள். நான் இனிமேல் இந்த இழையில் எழுதப்போவதில்லை.

சிறுதுடுப்பு
ஐயா, போன மாதமும் இதைத்தான் சொன்னீர்கள்.

பழைய_சுக்கான்
அது வேறு இழை.

சிறுதுடுப்பு
எந்த வழியில் விற்றாலும் ஒரு வேலையை இன்றே செய்துவிடுங்கள். பின்பக்கப் பலகையின் வலது மூலையில், மேல் ஓரத்தை ஒட்டி, உடல் எண், அதாவது படகின் அடையாள எண், பொறித்திருக்கும். ஒரு ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பதிவுச் சான்றோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். என்னுடையதில் சான்றில் ஒரு எட்டு மூன்றாகியிருந்தது. பத்து வருடம் யாரும் கவனிக்கவில்லை, விற்கப்போன அன்றுதான் வாங்க வந்தவர் கண்ணில் பட்டது. திருத்துவதற்குள் அவர் வேறு படகு வாங்கிவிட்டார். படகின் மேல் கடன் இருந்தால் அடைத்ததற்கான கடிதமும் கையில் இருக்க வேண்டும்.

டீசல்_பித்தன்
கடல் ஓட்டத்தன்று வாங்குபவரின் சர்வேயர் எஞ்சினை முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டச் சொல்வார். சூடு ஏறினால் அங்கேயே பேரம் தொடங்கும். அதற்கு முன்பாக நீங்களே ஓட்டிப் பாருங்கள். வளைவுக் குழாய். மறக்காதீர்கள்.

இரண்டாம்கை
ஓரலை, சனிக்கிழமை தாண்டிவிட்டது. என்ன ஆயிற்று?

வெண்நாரை
நானும் காத்திருக்கிறேன்.

ஓரலை
அனைவருக்கும் நன்றி, தாமதத்துக்கு மன்னிக்கவும். தாளைப் படித்தேன். தனியுரிமைதான், ஆறு மாதம். விலக்கு எதுவும் இல்லை. வந்தவரிடம் கேட்டேன்: தரகர் போட்ட படத்தில் படகின் பெயர் தெரிந்திருக்கிறது, அதை வைத்துத் துறையில் விசாரித்து என்னிடம் வந்தாராம். கமிஷன் மிச்சமானால் இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. தரகரிடமே அனுப்பிவிட்டேன். சர்வே அடுத்த வாரம்.

வெண்நாரை
நல்லது. சர்வே முடிந்ததும் எழுதுங்கள்.

நங்கூரம்
தலைப்புக்குத் தொடர்பில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நேற்று என் எஞ்சினில் அந்த வளைவைக் கழற்றினேன். உள்ளே சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. புதியதுக்குச் சொல்லியிருக்கிறேன். டீசல்_பித்தன் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

டீசல்_பித்தன்
படம் இருக்கிறதா?