ஆசிரியர் பெயர் இல்லாத இணையப் பக்கத்தை ஆய்வேட்டில் எப்படிக் காட்டுவது?

பாம்பன்காரி:
வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றித்தான் என் ஆய்வேடு. அம்மாவும் பெரியம்மாவும் பாசிக்குப் போகிறவர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்குகிற அந்த வேலை நான் பார்த்து வளர்ந்தது. எழுத வருகிறது, சான்று காட்டும் இடத்தில்தான் நிற்கிறேன்.

எடுத்து வைத்திருக்கும் இணையப் பக்கங்களில் பலவற்றில் எழுதியவர் பெயரே இல்லை. வளமாவூர் கடற்பாசிப் பூங்கா பற்றிய ஒன்றிய அரசின் செய்திக்குறிப்பு ஒன்று. ‘நமது நிருபர்’ என்று மட்டும் போட்ட நாளிதழ்ச் செய்தி ஒன்று. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் என்ற உறையும் பசையை எடுப்பது பற்றிய விக்கிப்பீடியா கட்டுரை. அப்புறம் ஒரு வலைத்தளம்: மூங்கில் மிதவையில் கட்டிய பாசியை 45 நாளில் அறுக்கலாம் என்று வருமானக் கணக்கோடு போட்டிருக்கிறார்கள். யார் எழுதியது, எப்போது எழுதியது, எதுவும் கிடையாது.

துறையில் ஒருவர் ‘அனானிமஸ்’ என்று போடச் சொல்கிறார். இன்னொருவர் பெயர் இல்லாததையெல்லாம் எடுத்துவிடச் சொல்கிறார். எடுத்துவிட்டால் எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி மிஞ்சுவது மிகக் கொஞ்சம். சான்று காட்ட எங்களுக்கு ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்தின்) முறை. என்ன செய்யலாம்?

திருப்புல்லாணி தமிழ்:
பெயர் இல்லையென்றால் தலைப்பு முன்னால் வரும், அவ்வளவுதான். நான் எம்.எல்.ஏ. (நவீன மொழிச் சங்கத்தின்) சான்று முறையில் எழுதுகிறேன், அதிலும் அப்படித்தான். நம் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. குறுந்தொகை 40ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் தெரியாததால் பாட்டிலிருந்த தொடரையே எடுத்து செம்புலப்பெயனீரார் என்று வைத்தார்கள். அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். பெயர் தெரியவில்லை என்று யாரும் அந்தப் பாட்டுகளைத் தூக்கிப் போடவில்லை.

நூலகர், பரமக்குடி:
தங்கச்சி, உங்கள் நான்கு பக்கங்களையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஆள் பெயர் இல்லை என்பதும் பொறுப்பேற்க யாரும் இல்லை என்பதும் வேறு வேறு.

செய்திக்குறிப்புக்கு ஆசிரியர் உண்டு. பத்திரிகை தகவல் அலுவலகம் வெளியிட்டது என்றால் அந்த அலுவலகமே ஆசிரியர். ஏ.பி.ஏ.வில் நிறுவனத்தின் பெயர் ஆள் பெயரின் இடத்தில் அப்படியே உட்காரும். மண்டபத்தில் மண்டல மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பக்கமோ, வனத்துறைப் பக்கமோ எடுத்தாலும் இதே வழிதான்.

நாளிதழ்ச் செய்தியில் ‘நமது நிருபர்’ என்பது பெயரல்ல. தலைப்பை முன்னால் வைத்து, தேதி, நாளிதழ் பெயர், முகவரி என்று போகலாம். வாசகத்துக்குள் காட்டும்போது தலைப்பின் முதல் சில சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு ஆண்டைச் சேர்த்தால் போதும். ‘அனானிமஸ்’ என்று எழுதுவது அந்தப் படைப்பிலேயே அப்படிக் கையெழுத்து இருந்தால் மட்டும்.

விக்கிப்பீடியாவும் தலைப்பில் தொடங்கும். ஆனால் இன்று நீங்கள் படித்த வரி நாளை இருக்காது. கட்டுரையின் வரலாற்றுப் பகுதியில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி முகவரி இருக்கிறது, அதைக் கொடுங்கள். அதைவிட நல்லது, அந்த வரிக்கு அடியில் அவர்கள் காட்டியிருக்கும் சான்றைத் திறந்து படித்துவிட்டு அதையே காட்டுவது.

நான்காவது பக்கம்தான் எனக்குக் கவலை. வடிவம் எளிது: தலைப்பு, ஆண்டின் இடத்தில் ‘தேதி இல்லை’, தளத்தின் பெயர், முகவரி. பக்கத்தின் அடியில் இருக்கும் காப்புரிமை ஆண்டை எழுதிய ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது தளம் முழுவதற்கும் உரியது. ஆனால் வடிவம் சரியாக இருந்துவிட்டால் கணக்கு சரியாகிவிடுமா? ஒரு குடும்பத்தின் வருமானத்தைச் சொல்லும் எண்ணுக்குப் பின்னால் யாராவது நிற்க வேண்டும். அந்த வாக்கியத்தை அப்படியே தேடிப் பாருங்கள். இப்படிப்பட்ட எண்கள் ஏதாவது ஆராய்ச்சி நிலையக் கையேட்டிலிருந்து வந்திருக்கும், அங்கே எழுதியவர்கள் பெயர் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் ‘இப்படியும் ஒரு தளம் சொல்கிறது’ என்ற அளவுக்கு மேல் அதன்மீது எதையும் கட்டாதீர்கள்.

வேதாளைக்காரன்:
45 நாள் என்பது எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வதுதான், பொய் இல்லை. ஆனால் அது மிதவையில் கட்டி வளர்க்கிற பெப்சிப் பாசிக்கு (கப்பாபைகஸ்) மட்டும். உங்கள் அம்மா முங்கி எடுக்கிற மரிக்கொழுந்து, கட்டைக்கோரைக்கு அந்தக் கணக்கு ஒட்டாது. பெப்சிப் பாசியிலும் வெயில் ஏறினால் வெளுத்துப்போகும், ஓரா மீன் புகுந்தால் கொறித்துவிடும், காற்று கடுமையானால் மிதவையே உடைந்து கரைக்கு வரும். வருமானக் கணக்குப் போட்டவர் இதில் எதைக் கழித்தார் என்று அந்தப் பக்கத்தில் இருக்கிறதா? மிதவை போடுகிற பெண்களிடம் நேரில் கேளுங்கள் அக்கா, பாம்பனிலேயே இருக்கிறார்கள்.

பாம்பன்காரி:
இல்லை அண்ணே, எதையும் கழிக்கவில்லை. வரவு மட்டும்தான். கட்டுகிற கூலி, கயிறு, மூங்கில் எதுவும் அதில் வரவில்லை. அந்தக் கணக்கை எடுத்துவிட்டு நேரில் கேட்டு எழுதப் போகிறேன். நூலகர் ஐயா, அவர்கள் சொல்வதை எப்படிக் காட்டுவது? மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் தீவுப் பக்கம் போகக் கூடாது என்று தடை இருப்பதால் பல பேர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்பார்கள்.

நூலகர், பரமக்குடி:
போட வேண்டாம். உங்கள் ஆய்வுக்காக நீங்களே எடுக்கும் நேர்காணல் உங்கள் தரவு. அது சான்றுப் பட்டியலில் வராது, ‘தனிப்பட்ட தகவல்’ என்றும் குறிக்கக் கூடாது. புனைபெயரோ எண்ணோ கொடுத்து, மாற்றியிருக்கிறீர்கள் என்பதை ஆய்வு முறை இயலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். சின்ன ஊரில் வயதும் தெருவும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும், அதையும் பாருங்கள். பேசுவதற்கு முன்பே சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பெயரில்லாப் பக்கங்கள்தான் சீக்கிரம் காணாமல் போகும். நீங்கள் வைத்துக்கொள்ளப் போகும் ஒவ்வொன்றையும் இன்றே வேபேக் மெஷின் என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் சேமியுங்கள், முகவரியைக் கொடுத்தால் போதும், காசு கிடையாது. நேர்காணல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பாம்பன்காரி:
சரி ஐயா, செய்திக்குறிப்பையும் நாளிதழ்ச் செய்தியையும் இப்போதே சேமித்துவிட்டேன். அந்த வலைத்தளத்தையும் சேமிக்கட்டுமா, கணக்கைப் பயன்படுத்தாவிட்டாலும்?

நூலகர், பரமக்குடி:
சேமியுங்கள். அந்தக் கணக்கில் செலவு விடுபட்டிருப்பதை ஆய்வேட்டில் நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கும்.