இழை: வைஃபையும் கோபுரமும் சேர்ந்த அழைப்புக்கு என்ன பெயர்?

மலையடிவாரம் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக் கொடுத்தாக வேண்டும். பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் இதழ். வைஃபையையும் செல்போன் கோபுரத்தையும் சேர்த்துப் பயன்படுத்தும் போன் சேவையால் உண்மையில் பயன் உண்டா என்பது பொருள். எட்டுப் பக்கம் முடிந்துவிட்டது, இரண்டு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒன்று, அந்தச் சேவையின் பெயர். மற்றது, பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வைஃபையிலிருந்து கோபுரத்துக்கு மாறுகிறதே, அந்த மாறுதலின் பெயர்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். எங்கள் வீடு மலைக்குக் கீழே. சுவர் ஒன்றரை அடிக் கருங்கல். கூடத்தில் சிக்னல் ஒரு கோடு தெரிந்தால் பெரிது. வைஃபையில் அழைப்பு வரத் தொடங்கிய பிறகுதான் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து பேசுகிறார். முன்பெல்லாம் முழங்கால் வலியோடு மொட்டைமாடிக்கு ஏறுவார். பேச்சின் நடுவில் பால்காரர் மணி அடித்தால் போனோடு வாசலுக்குப் போவார். துளசி மாடம் தாண்டியதும் எதிர்முனைக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும், இரண்டு நொடி. சில நாள் தெளிந்துவிடும், சில நாள் அறுந்துவிடும். அந்த இரண்டு நொடிக்குத் தமிழில் பெயர் வேண்டும். 'கைமாற்றம்' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

கொங்கன் எழுதியது:

தம்பி, எங்கள் பக்கம் கைமாத்து என்றால் வட்டியில்லாக் கடன். "ஐந்நூறு கைமாத்தாக் குடு, ஒண்ணாந்தேதி தர்றேன்" என்பார்கள். படிக்கிற பிள்ளைக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

சேவைக்குப் புதுச்சொல் எதற்கு? தமிழில் வைத்த ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் 'வைஃபை அழைப்பு' என்றே இருக்கிறது. அதையே எழுதுங்கள்.

மாறுதல் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம், நான் தொலைத்தொடர்பிலேயே முடி நரைத்தவன். எந்த வழியில் போனாலும் அழைப்பு போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், அழைப்புகளை இணைத்துவிடும் ஐஎம்எஸ் என்னும் மையம். வைஃபையில் கிளம்பினால் மறையாக்கம் செய்த சுரங்கப் பாதை ஒன்றின் வழியே ஈபிடிஜி என்ற வாயிலுக்குப் போய் அங்கிருந்து உள்ளே நுழையும். கோபுரத்தில் கிளம்பினால் 4ஜி வழியே நுழையும். வாசல் வேறு, வீடு ஒன்று. அதனால்தான் வைஃபையிலிருந்து 4ஜிக்கு மாறும்போது பேச்சு நிற்பதில்லை. வெளியே 2ஜி மட்டும் இருந்தால் பெரும்பாலும் அறுந்துவிடும். உங்கள் வாசலில் 4ஜி தள்ளாடுகிறது என்று நினைக்கிறேன்.

இது புதிதும் அல்ல. பிரிட்டனில் 2005-லேயே பிடி நிறுவனத்தின் ஃபியூஷன் சேவை வந்தது, முதலில் வைஃபைக்குப் பதில் புளூடூத் வழியே. அமெரிக்காவில் டி-மொபைல் 2007-ல் கொண்டுவந்தது. நம் நாட்டில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கின. தனிக் கட்டணம் இல்லை. பயன் உண்டா என்றால், சுவர் தடிமனாக இருந்து, வீட்டில் பிராட்பேண்டும் இருந்தால் உண்டு. கரண்ட் போனால் மோடமும் போய்விடும் என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

> சேவைக்குப் புதுச்சொல் எதற்கு?

ஐயா, 'வைஃபை அழைப்பு' பாதியைத்தான் சொல்கிறது. கோபுரம் எங்கே போயிற்று? வைஃபைக்கு 'அருகலை' இருக்கிறது. பலர் எழுதுகிறார்கள், நாமும் எழுதுவோம்.

மாறுதலுக்கு வெளியே போய்த் தேட வேண்டாம், நம் புணர்ச்சி இலக்கணமே போதும். நிலைமொழி நிற்கிறது, வருமொழி வருகிறது, முன்னதன் ஈறும் பின்னதன் முதலும் சந்திக்கின்றன. "நிலைவரு மொழிகள் இயல்பொடு விகாரத்து இயைவது புணர்ப்பே" என்றார் பவணந்தி. பேசிக்கொண்டிருக்கும் வலை, அதாவது நெட்வொர்க், நிலைவலை; ஏற்கப்போவது வருவலை. குரல் சிதையாமல் மாறினால் இயல்புப் புணர்ச்சி. கிணற்றுக் குரல் ஆனால் திரிதல். அறுந்தால் கெடுதல். அம்மாவின் துளசி மாடத்தில் நடப்பது அத்தனையும் நன்னூலில் இருக்கிறது!

இன்னும் ஒன்று. மணி + அடித்தது என்பதில் இகரமும் அகரமும் நேரே ஒட்டா. இடையில் யகரம் தோன்றி 'மணியடித்தது' ஆகிறது. இரண்டையும் உடன்படச் செய்வதால் அது உடம்படுமெய். கொங்கன் சொன்ன அந்த மையம் இங்கே யகரத்தின் வேலையைச் செய்கிறது. ஆகவே சேவைக்கு 'உடம்படு அழைப்பு', மாறுதலுக்குப் 'புணர்ப்பு'. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

கரும்பலகை எழுதியது:

ஐயா, உங்கள் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு அழகு. ஆனால் நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவள். பதினேழு வயதுப் பிள்ளைகள் முன் பலகையில் 'புணர்ப்பு' என்று எழுதினால் அன்றைய பாடம் அதோடு முடிந்தது. 'உடம்படு' என்றால் உடம்பு என்றே கேட்கும்.

இன்று காலை பலகையில் இரண்டு வட்டம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் வரைந்து, போன் இங்கிருந்து அங்கே போகிறது, என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "பஸ் மாறுற மாதிரி மிஸ்" என்றாள் ஒருத்தி. பின்பெஞ்சில் ஒரு பையன், பள்ளியில் தொடரோட்டம் ஓடியவன், "இல்ல மிஸ், கோல் மாத்துறது. ரெண்டு பேரும் ஓடிக்கிட்டே குடுக்கணும். நின்னு குடுத்தா தோத்துருவோம்" என்றான். எனக்கு அதுவே சரியாகப் பட்டது. பஸ் மாறினால் நடுவில் காத்திருக்க வேண்டும். 'கோல்மாற்றம்' என்று வைக்கலாமா?

டாலஸ்வாசி எழுதியது:

கோல் என்றால் எனக்குச் செங்கோல்தான். கோல்மாற்றம் ஆட்சிமாற்றம் போல ஒலிக்கிறது.

இங்கே அமெரிக்காவில் ரிபப்ளிக் வயர்லெஸ் என்ற போன் சேவை 2011 நவம்பரில் மாதம் 19 டாலருக்குத் தொடங்கியது. வைஃபை கிடைத்தால் வைஃபை, இல்லாவிட்டால் கோபுரம்; அதனால்தான் அந்த விலை. தொடக்கக் காலப் போன்களில் ஓடிக்கொண்டே கோல் கொடுக்கும் வேலை நடக்கவில்லை, 2013-ல் மோட்டோ எக்ஸ் போன் வந்த பிறகுதான் நடந்தது. கூகுளின் 'ஃபை' என்ற போன் சேவை 2015 ஏப்ரலில் வந்தபோது அடிப்படைக் கட்டணம் 20 டாலர், ஒவ்வொரு ஜிபிக்கும் 10 டாலர். டேட்டா அதிகம் எரிக்காதவர்களுக்குக் கொள்ளை லாபம். இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்: வைஃபை அழைப்பில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கோபுரம் காட்டிக்கொடுக்காது. ஆகவே இங்கே அவசர அழைப்புக்காக வீட்டு முகவரியை முன்பே பதிந்து வைக்கச் சொல்வார்கள்.

'கலப்பு அழைப்பு' என் பரிந்துரை. செம்புலப் பெயல்நீர் போல இரண்டும் கலந்த சேவை.

பொருநைக்கரை எழுதியது:

செம்புலத்தில் விழுந்த நீரைத் திரும்பப் பிரிக்க முடியாது, அதுதான் அந்தப் பாட்டின் உயிர். இங்கே ஒரு நேரத்தில் பேச்சு ஒரு வலையில்தான் ஓடுகிறது. கலக்கவே இல்லை. 'கலப்பு' பொருந்தாது.

பனங்கூடல் எழுதியது:

ரொறன்ரோவிலிருந்து வணக்கம். 'அருகலை'யை வினைத்தொகையாக வாசித்தால் அருகிய, அருகுகின்ற, அருகும் அலை. தேய்ந்து குறைகின்ற அலை! புலவர் ஐயா இதைக் கவனிக்கேல்லையோ? அருகு என்ற பெயரோடு சேர்த்தால்தான் பக்கத்து அலை.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் கைத்தொலைபேசி என்றுதான் சொல்லுவம், நெட்வொர்க்குக்கு வலையமைப்பு. சிலர் அதற்கு எழுதுகிற 'பிணையம்' என்றால் எனக்கு நீதிமன்றமும் பிணையில் வெளியில வருவதும்தான் ஞாபகம் வரும். சேவைக்கு 'இருவலை அழைப்பு', மாறுதலுக்கு 'வலைமாற்றம்'. சின்னச் சொல், எவருக்கும் விளங்கும்.

கொங்கன் எழுதியது:

வலைமாற்றத்துக்குச் சம்மதம். இருவலை வேண்டாம், இரண்டு சிம் என்று நினைப்பார்கள். வைஃபை அழைப்பு வைஃபை அழைப்பாகவே இருக்கட்டும்.

கரும்பலகை எழுதியது:

வலைமாற்றம் சரி. வகுப்பில் கோல் உவமையைச் சொல்லி அந்தச் சொல்லுக்கு வந்துவிடுவேன்.

டாலஸ்வாசி எழுதியது:

எனக்கும் சம்மதம். இங்கே மணி இரவு ஒன்று.

மலையடிவாரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையை அனுப்பிவிட்டேன். மாறுதல் 'வலைமாற்றம்' ஆனது. சேவையைத் தலைப்பில் 'இருவலை அழைப்பு' என்றும், முதல் பத்தியில் "போனில் வைஃபை அழைப்பு என்று காட்டும்" என்றும் எழுதினேன். அவசர அழைப்பும் கரண்டும் இடம்பெற்றன. கோல் கொடுக்கும் உவமையையும் எடுத்துக்கொண்டேன், அந்தப் பையனிடம் சொல்லிவிடுங்கள், கரும்பலகை அம்மா.

பொருநைக்கரை எழுதியது:

அனுப்பிவிட்டீர்கள், சரி. ஆனாலும் என் மறுப்பு இழையில் இருக்கட்டும். எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போவதையும் நாளை ஒருவர் 'வலைமாற்றம்' என்பார். பேச்சு அறாமல் மாறுவது என்ற பொருள் அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது? 'புணர்ப்பு' வகுப்புக்கு ஆகாது என்றால், அதே நூற்பாவில் 'இயைவது' இருக்கிறதே. வலையியைவு. அடுத்த கட்டுரை வரும்போது சொல்லுங்கள், மீண்டும் எழுதுகிறேன்.