மறு: ஸ்டைல் கைடு என்பதற்கு ஒரு சொல் – ‘நடையேடு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக, ஸ்டைல் கைடுக்கு, அதாவது எதை எப்படி எழுதுவது என்ற விதிகளின் தொகுப்புக்கு, ஒரு தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டி வந்த கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சிறுகடைகளுக்காக நாம் செய்துவரும் பில் போடும் செயலியின் உதவிப் பக்கங்களை, மஞ்சக்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தேன். பத்தே நிமிடத்தில் கூப்பிட்டார். “தம்பி, ‘பதிவு செய்’ பட்டனை அழுத்தச் சொல்லியிருக்கு. அப்படி ஒரு பட்டனே இல்லையே?”

திரையில் இருப்பது ‘சேமி’. முதல் அத்தியாயத்தில் அது ‘சேமிக்கவும்’. நான் எழுதிய மூன்றாவதில் ‘பதிவு செய்’. சரக்கு இருப்பைப் பற்றி எழுதியவர் ‘ஸேவ்’ என்று விட்டுவிட்டார். மாதிரி பில்லில் வாடிக்கையாளரின் ஊர் ஓரிடத்தில் புதுச்சேரி, ஓரிடத்தில் புதுவை, இன்னோரிடத்தில் பாண்டி. ஊர்வாரியாக வடிகட்டிப் பார்த்தால் மூன்று ஊர் வருகிறது! கடலூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. பஸ்ஸில் ‘ஓ.டி.’ (ஓல்டு டவுன்) என்று டிக்கெட் எடுத்து, ‘முதுநகர்’ என்ற பலகையைப் பார்த்து இறங்குகிறவர்கள் நாம். இங்கே பிறந்தவருக்கு இரண்டும் ஒன்று. முதல்முறை வருகிறவர் ஓ.டி.யைத் தேடிக்கொண்டே முதுநகரைத் தாண்டிப் போய்விடுவார்.

ஆகவே எதை எப்படி எழுதுவது என்று முடிவுசெய்து எழுதிவைக்க ஒரு கோப்பு திறந்தோம். அந்தக் கோப்புக்கு என்ன பெயர் என்பதில்தான் இத்தனை மடல். இனி வந்த கருத்துகளுக்குப் பதில்.

> ‘எழுத்து வழிகாட்டி’ என்றால் எல்லோருக்கும் புரியுமே. எதற்குப் புதுச்சொல்?

அக்கா, புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். கடைக்காரருக்கு நாம் தருவதே ‘பயனர் வழிகாட்டி’தான். அதை எழுதுகிறவர்களுக்கான விதிகளுக்கும் வழிகாட்டி என்று பெயர் வைத்தால், கடைக்காரர் அதைத் திறந்து ஒற்றுப் பிழைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பார். ‘கையேடு’ என்பதிலும் இதே சிக்கல்தான்.

> ‘பாணி’ எளிமையாக இருக்கிறதே அண்ணா?

இருக்கிறது தம்பி. ஆனால் பில்லின் தோற்றத்தை மாற்றும் இடத்துக்கு ஏற்கெனவே ‘பாணி’ என்று பெயர் வைத்துவிட்டோமே. ஒரு பொருளுக்கு இரண்டு சொல் வருகிறது என்று அழுதுவிட்டு, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

> எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர்
> செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே.
> நன்னூலே பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறது. ‘எழுத்துமரபு’ என்று முடித்துவிடலாம்.

லாஸ்பேட்டை ஐயாவின் இந்த மடல் வந்ததும் நானே கொஞ்ச நேரம் பேச்சற்றுப் போனேன். எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எப்படிச் சொல்வது என்பதை நூற்பா போட்டுச் சொன்ன மொழியில் உட்கார்ந்துகொண்டு ஸ்டைல் கைடுக்குச் சொல் இல்லை என்று தேடுகிறோம். இருந்தாலும் ஐயா, எனக்கு இரண்டு தயக்கம்.

ஒன்று, மரபு என்ற சொல் இன்று நிறைய சுமக்கிறது. புதுவையில் மரபு என்றால் பிரெஞ்சுக் காலத்துக் கட்டடம்தான் முதலில் நினைவுக்கு வரும். நிரல் எழுதுகிறவர்களுக்கோ, ஒரு வகுப்பின் (கிளாஸ்) பண்புகள் இன்னொரு வகுப்புக்கு வந்து சேர்வதை ‘மரபுரிமம்’ என்று சொல்லும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு, நூற்பாவில் செப்புகிறவர்கள் ‘உயர்ந்தோர்’. நம் கோப்பில் செப்பியது நாம் ஐந்து பேர், அதுவும் போன மாதம். அடுத்த மாதம் வேறு மாதிரி தோன்றினால் மாற்றுவோம். மரபை அப்படி மாற்ற முடியாது. மாற்றவும் கூடாது.

ஆனால் நன்னூலை நான் விடப்போவதில்லை. பாயிரத்தில் பவணந்தியார் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் ‘தன்குறி வழக்கம் மிக எடுத்துரைத்தல்’ என்று ஒன்று வருகிறதல்லவா? நூலாசிரியன் தான் ஆக்கிய குறியீட்டையே திரும்பத் திரும்ப எடுத்தாள்வது. ‘சேமி’ என்று வைத்தால் கடைசிப் பக்கம் வரை ‘சேமி’தான். நம் கோப்பின் முதல் விதி அது. நமக்கெல்லாம் இது ஏன் கைவரவில்லை என்றும் யோசித்தேன். பள்ளியில் கட்டுரை நோட்டில் ஒரே சொல் மூன்று முறை வந்தால் சிவப்பு மையில் சுழித்தார்கள். ‘கூறியது கூறல்’ குற்றம் என்றார்கள். அந்தக் குற்றம் சொன்ன பொருளையே மறுபடி சொல்வதைப் பற்றியது, சொன்ன சொல்லைப் பற்றியது அல்ல என்பது என் எண்ணம். அந்தச் சிவப்பு மைக்குப் பயந்துதான் சேமித்தோம், பதிந்தோம், ஸேவ் பண்ணினோம். (ஐயாவும் சுழித்தவர்தான் என்று நினைக்கிறேன். கோபிக்க வேண்டாம்.)

சரி, ‘நடையேடு’. நடை என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. உரைநடை, மொழிநடை எல்லாம் புழங்குபவைதான். என் அழுத்தம் ‘ஏடு’ மீது. பதிவேடு, குறிப்பேடு, கணக்கேடு என்று நாம் சொல்பவை எழுத எழுத வளர்கின்றன. இந்தக் கோப்பும் அப்படித்தான். ஒரு குழப்பம் வரும், பேசி முடிப்போம், முடிவை ஒரு வரி எழுதிவைப்போம். ஆங்கிலத்தில் பெரும் பெயர் பெற்ற சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் நடைநூலும் இப்படித்தான் பிறந்தது. அச்சுக் கோர்ப்பவர்களும் மெய்ப்புப் பார்ப்பவர்களும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விதிகளின் தாள்தான் வளர்ந்து 1906-இல் புத்தகமாக வந்தது. கைடு என்று மொழிபெயர்த்தால் இது கிடைக்காது, ஏடு என்றால் கிடைக்கிறது.

> நடையேடு என்றதும், கடற்கரைச் சாலையில் சாயங்காலம் எத்தனை அடி நடந்தோம் என்று எழுதிவைக்கும் நோட்டு என்று நினைத்தேன்!

முத்தியால்பேட்டையிலிருந்து வந்த இந்த மடலுக்கு வாய்விட்டுச் சிரித்தேன். தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் நடப்பவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் இந்தக் குழப்பம் ஒரு வரியைப் படித்ததும் தீர்ந்துவிடும். ‘நடையேட்டின்படி இங்கே ஒற்று மிகும்’ என்றால் யாரும் காலைப் பார்க்க மாட்டார்கள். வழிகாட்டியில் வரும் குழப்பம் வாக்கியம் முழுவதும் படித்தாலும் தீராது.

வேற்றுமை ஏற்றும் பார்த்தேன்: நடையேட்டில் சேர், நடையேட்டுக்கு மாறானது, நடையேட்டைப் பார். நாக்கு இடறவில்லை. ஒரு விதிக்கு ‘நடைவிதி’. மீறலைக் கண்டுபிடித்துச் சொல்லும் நிரலுக்கு ‘நடை சோதிப்பான்’. குடும்பம் கூடிவருகிறது.

இனி, ஏட்டில் ஏறியிருப்பவை பற்றி. இதில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

பொத்தான் பெயரைத் தடித்த எழுத்தில் போடுவது என்று முடிவு. அதற்கு வேற்றுமை உருபு ஒட்ட வேண்டுமே, அது தடிப்புக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே வைத்தால் திரையில் இல்லாத சொல்லைத் தடித்துக் காட்டுகிறோம். வெளியே வைத்தால், குறிகளைப் போட்டு எழுத்தைத் தடிக்கவைக்கும் மார்க்டவுன் முறை நம்மைச் சோதிக்கிறது. **கோப்பு**க்கு என்று உடுக்குறியால் (*) எழுதினால் ஒழுங்காக வருகிறது. அதையே __கோப்பு__க்கு என்று அடிக்கோட்டால் எழுதினால் கோடுகள் அப்படியே திரையில் நிற்கும். மார்க்டவுனுக்கான காமன்மார்க் விதிப்படி அடிக்கோடு சொல்லின் நடுவில் செல்லாது. உடுக்குறியும் ஓரிடத்தில் கைவிடும். **‘சேமி’**ஐ என்று மேற்கோள் குறியோடு எழுதிப் பாருங்கள். முன்னால் மேற்கோள் குறி, பின்னால் எழுத்து என்று மாட்டிக்கொள்ளும் உடுக்குறிகளை முடிவுக்குறியாக அது ஏற்பதில்லை. சொல்லோடு உருபை ஒட்டி எழுதும் நம் போன்ற மொழிக்காரர்களின் தலைவலி இது. தீர்வு சப்பென்று இருக்கும்: பெயருக்குப் பின் எப்போதும் ஒரு பெயர்ச்சொல்லை நிறுத்துங்கள். **சேமி** பொத்தானை அழுத்துங்கள். உருபு பொத்தானுக்குப் போய்விடும், ‘சேமி’ சேமியாகவே இருக்கும். சாய்ந்த எழுத்து வேண்டவே வேண்டாம். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் விழப்போவது போல இருக்கிறது.

அப்புறம் ஒற்று. ‘கோப்புப் பெயர்’ என்று ஒருவர், ‘கோப்பு பெயர்’ என்று இன்னொருவர். இலக்கணம் ஒருபுறம் இருக்கட்டும், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படுவதில்லை. ஆகவே மிகும் இடத்தில் போட்டே தீர வேண்டும். விலக்கு ஒன்றுதான்: திரையில் உள்ள பெயருக்குப் பின் வராது. ‘சேமிப் பொத்தான்’ என்று எழுதினால் மஞ்சக்குப்பத்திலிருந்து மறுபடி போன் வரும்.

வினைமுற்றில் அழுத்துக, அழுத்தவும், அழுத்துங்கள் என்று மூன்றும் கிடந்தன. படிகளுக்கு ‘அழுத்துங்கள்’ என்று வைத்திருக்கிறேன். ‘வேண்டும்’ என்பதைக் கட்டாயத்துக்கு மட்டும். பரிந்துரைக்கு ‘நல்லது’, விருப்பத்துக்கு ‘-லாம்’. இணைய நெறிமுறைகளை எழுதுகிறவர்கள் இதற்கென்றே 1997-இல் ஆர்.எஃப்.சி. 2119 என்று ஓர் ஆவணம் போட்டு, கட்டாயச் சொற்களைப் பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிவருகிறார்கள். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் ‘காப்பு நகல் எடுத்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும்’ என்பதில் ‘வேண்டும்’ வேறு எதற்கும் செலவாகாமல் இருந்தால்தான் அதற்கு எடை.

மாதிரி பில்களில் ஊர்ப் பெயர் இனி ‘புதுச்சேரி’, ‘கடலூர் முதுநகர்’. பேச்சில் பாண்டியும் ஓ.டி.யும் இருக்கட்டும்.

வரும் ஞாயிறுக்குள் வலுவான மறுப்பு வரவில்லையென்றால், கோப்பின் பெயரை நடையேடு என்று மாற்றி, முதல் மூன்று அத்தியாயங்களை அதன்படி திருத்திவிடுகிறேன். மூன்றாவதில் ‘பதிவு செய்’ என்று எழுதியவன் நான்தான் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஐயா, ‘நடை சோதிப்பான்’ என்பதில் ஒற்று வருமா வராதா என்று மட்டும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
முதுநகரிலிருந்து