ஏஐ உதவியாளர் எங்கள் டூலில் இல்லாத ஃபிளாகை எல்லாம் எழுதுகிறது, ஆவணத்தை எப்படி மாற்றுவது?

கேள்வி:
எங்கள் டீமுக்குள் மட்டும் ஓடும் ஒரு கமாண்ட் லைன் டூலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டேட்டாபேஸ் மைக்ரேஷனை (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்டுகளை) ஓட்டுவது, தேவைப்பட்டால் ரோல்பேக் செய்வது, அதாவது பழைய நிலைக்குத் திருப்புவது, அவ்வளவுதான் அதன் வேலை. ஆவணம் மோசமில்லை, புதிதாகச் சேருபவர்கள் அதைப் படித்தே ஓட்டிவிடுகிறார்கள். ஆனால் ஏஐ உதவியாளரிடம் விட்டால் எங்களிடம் இல்லாத ‘டிரை-ரன்’ ஃபிளாகை (நிஜமாகச் செய்யாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் ஆப்ஷனை) போட்டு கமாண்ட் எழுதுகிறது, எப்போதோ தூக்கிப்போட்ட சப்கமாண்டை (டூலுக்குள் இருக்கும் துணைக் கட்டளையை) கூப்பிடுகிறது. முழு ஆவணத்தையும் ப்ராம்ப்டில் ஒட்டியும் பார்த்தாயிற்று, பெரிய வித்தியாசம் இல்லை. இதற்கென்று தனி ஆவணம் எழுத வேண்டுமா?

பதில் 1:
‘டிரை-ரன்’ வருவதில் ஆச்சரியமே இல்லை. ஆர்சிங்க், கிட் புஷ், குப்சிடிஎல் என்ற பிரபலமான கமாண்டுகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது, அதனால் உங்களுடையதிலும் இருக்கும் என்று ஊகிக்கிறது. என்னைக் கேட்டால் மைக்ரேஷன் டூலில் அது இருந்தே ஆக வேண்டும், ஆவணத்தில் ‘இல்லை’ என்று எழுதுவதைவிட சேர்த்துவிடுவது எளிது. அப்புறம், ஏஜென்ட் (தானே கமாண்டை ஓட்டும் ஏஐ உதவியாளர்) உங்கள் விக்கியைத் தேடிப் போவதைவிட ‘ஹெல்ப்’ ஃபிளாகை ஓட்டிப் பார்ப்பதும் எரர் மெசேஜைப் படிப்பதும்தான் அதிகம், ஆகவே நல்ல எழுத்து அங்கேதான் இருக்க வேண்டும். ‘தவறான ஆர்க்யுமென்ட்’ என்று மட்டும் சொன்னால் அது இன்னொரு ஊகத்துக்குப் போகும். ‘டிரை-ரன் என்ற ஃபிளாக் இல்லை, ஓட்டாமல் பார்க்க பிளான் என்ற சப்கமாண்டைப் பயன்படுத்தவும்’ என்று சொல்லி அடுத்த வரியில் முழு கமாண்டையும் காட்டினால் மறுமுறை சரியாக எழுதிவிடும். ஒவ்வொரு சப்கமாண்டின் ஹெல்ப்பிலும் அப்படியே காப்பி செய்து ஓட்டக்கூடிய ஓர் உதாரணமாவது இருக்கட்டும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு இன்னும் கொஞ்சம். டூல் நடுவில் நின்று ‘தொடரலாமா?’ என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாமல் ஏஜென்ட் அங்கேயே தொங்கும், அதைத் தவிர்க்கும் ஃபிளாக் எது என்று ஹெல்ப்பின் மேல்பகுதியிலேயே சொல்லுங்கள். எக்ஸிட் கோடையும் (கமாண்ட் முடியும்போது திருப்பும் எண்ணையும்) பாருங்கள்: திரையில் சிவப்பில் எரரைக் காட்டிவிட்டு 0 திருப்பும் டூல்கள் ஏராளம், ஏஜென்டுக்கு 0 என்றால் வேலை முடிந்தது, கிளம்பிவிடும். எந்த எண் எதைக் குறிக்கிறது என்று ஆவணத்தில் எழுதுங்கள். தூக்கிப்போட்ட சப்கமாண்ட் பற்றி: உங்கள் ரெப்போவில் (கோட் இருக்கும் இடத்தில்) கிரெப் செய்து, அதாவது அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள், ஏதாவது பழைய ஷெல் ஸ்கிரிப்டில் இன்னும் இருக்கும். ஏஜென்ட் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறது. எத்தனை ஆவணம் எழுதினாலும் பக்கத்திலேயே ஓடுகிற மாதிரி இருக்கும் கோடை அது நம்பும்.

கேட்டவர்:
கிரெப் செய்தேன், சிஐ (கோடைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) ஃபோல்டரில் இருக்கிறது 🙂 நீக்குகிறேன். எல்எல்எம்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்று ஒன்று சொல்கிறார்களே, அதுவும் வேண்டுமா?

பதில் 3:
அது 2024 செப்டம்பரில் ஜெரமி ஹோவர்ட் முன்வைத்த யோசனை, பொதுவில் இருக்கும் வெப்சைட்டின் முக்கியப் பக்கங்களை மார்க்டவுனில் சுட்டிக்காட்டும் ஃபைல். உள்ளுக்குள் ஓடும் டூலுக்குத் தேவையில்லை. ரெப்போவின் ரூட்டில் ஏஜென்ட்ஸ் டாட் எம்டி என்ற குறிப்பு ஃபைலை வைத்தால் போதும், பல உதவியாளர்கள் அதைத் தாமாகவே படிக்கின்றன. ஆனால் அதில் கதை எழுதாதீர்கள், ஒவ்வொரு முறையும் கான்டெக்ஸ்டில் (உதவியாளர் ஒரே நேரத்தில் படிக்கும் உரையில்) ஏறும், நீளமாக இருந்தால் முக்கியமானது அமுங்கிவிடும். எந்த வெர்ஷன், மைக்ரேஷனை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும், கோடைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத பழக்கங்கள், இவை போதும். ‘ரோல்பேக்கைக் கவனமாகச் செய்யவும்’ என்பதால் பயனில்லை, ‘ரோல்பேக்குக்கு முன் ஸ்டேட்டஸ் ஓட்டு, பெண்டிங் என்று வந்தால் நிறுத்து’ என்று எழுதுங்கள்.

பதில் 2-இல் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கேள்வியைத் தவிர்க்கும் ஃபிளாகை ரோல்பேக்குக்குக் கொடுக்காதீர்கள், அங்கே ஏஜென்ட் தொங்கி நிற்பதுதான் நல்லது.

பதில் 2:
ரோல்பேக்குக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ‘ஆம்’ என்பதைப் பைப் வழியாக, ஆள் தட்டாமல் இன்னொரு கமாண்டிலிருந்தே அனுப்ப ஏஜென்டுக்குத் தெரியும். ப்ரொடக்ஷன் பாஸ்வேர்டை அது ஓடும் ஷெல்லில் வைக்காமல் இருப்பதுதான் நிஜமான தடுப்பு, அதை எந்த எம்டி ஃபைலாலும் செய்ய முடியாது.