ஊதுபத்திப் புகை பரவுது, விண்வெளி வாயு மட்டும் ஏன் சேருது?

மாடிவானம்:
நேத்து ராத்திரி மொட்டை மாடியில என் பொண்ணுக்கு பைனாகுலர்ல ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினேன். திருவாதிரைக்குத் தெற்கே வரிசையா மூணு நட்சத்திரம், அதுக்கும் கீழே வாள் மாதிரி தொங்குறதுக்கு நடுவுல விபூதி இழுவின மாதிரி ஒரு வெளுப்பு. அங்கதான் நட்சத்திரம் பிறக்குதுன்னேன். "ஊதுபத்திப் புகை அறை முழுக்கப் பரவிடுதே, அந்தப் புகை மட்டும் எப்படிப்பா ஒண்ணா சேரும்?"னு கேட்டா. ஈர்ப்பு விசைன்னேன். "அப்ப ஊதுபத்திப் புகைக்கு அது இல்லையா?" எனக்கு பதில் தெரியல.

கருமேகம்:
அருமையான கேள்வி, அவகிட்ட சொல்லுங்க. ஊதுபத்திப் புகைக்கும் ஈர்ப்பு உண்டு, ஆனா எடை போதாது. ஓரியன்ல இருக்கிற வாயு மேகத்துல பல்லாயிரம் சூரியனுக்கான சரக்கு கிடக்கு. அதைவிட முக்கியம் குளிர். நட்சத்திரம் பிறக்கிற மேகம் மைனஸ் 260 டிகிரி பக்கம் இருக்கும். வாயுவை வெளியே தள்ளுறது அதோட சூடுதான். சூடு இல்லேன்னா ஈர்ப்பு ஜெயிச்சுடும். இந்தக் குளிருக்கும் அடர்த்திக்கும் எவ்வளவு எடை சேர்ந்தா மேகம் சரியும்னு 1902லயே ஜேம்ஸ் ஜீன்ஸ்ங்கிற ஆங்கிலேய இயற்பியலாளர் கணக்குப் போட்டார்.

ஒரு திருத்தம். நீங்க பார்த்த வெளுப்பு நட்சத்திரம் ஆகப்போற வாயு இல்ல. ஏற்கெனவே பிறந்த இளசுங்க புற ஊதா ஒளியால சுமார் 10,000 டிகிரிக்குச் சூடாக்கின வாயு. அது கலைஞ்சு போயிட்டிருக்கு. பிரசவ அறை அதுக்குப் பின்னால இருக்கிற இருட்டு மேகம்.

தூசிப்படலம்:
தூசியை விட்டுட்டீங்களே. எடையில நூத்துல ஒரு பங்குதான், ஆனா வெளி நட்சத்திர வெளிச்சம் உள்ளே நுழையாம மறைச்சு மேகத்தைக் குளிரா வெச்சிருக்கிறது அதுதான். பார்னார்டு 68ங்கிற இருட்டு மேகத்தோட படத்தைப் பொண்ணுக்குக் காட்டுங்க. வானத்துல ஓட்டை விழுந்த மாதிரி கன்னங்கரேல்னு இருக்கும். அதையே அகச்சிவப்புல எடுத்த படத்துல பின்னால உள்ள நட்சத்திரமெல்லாம் தெரியும்.

மாடிவானம்:
காட்டிட்டேன், ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தா. சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்ப் சுடுதே, அப்ப மேகம் சுருங்கும்போதும் சூடாகி மறுபடி வெளியே தள்ளாதான்னு கேக்குறா.

கருமேகம்:
தள்ளும். முதல்ல அந்தச் சூட்டைத் தூசியும் கார்பன் மோனாக்சைடும் வெளியே கடத்திடும், அதனால சரிவு நிக்காது. நடுப்பகுதி கெட்டியானதும் சூடு வெளியேற வழி இல்லாம மாட்டிக்கும், சரிவும் நிதானமாகும். மையம் 1 கோடி டிகிரியைத் தொட்டதும் ஹைட்ரஜன் ஹீலியமா மாற ஆரம்பிக்கும். நம்ம சூரியனுக்கு அந்த நிதானச் சுருக்கத்துக்கே சுமார் 5 கோடி வருஷம் ஆச்சு.

சின்ன டெலஸ்கோப் கிடைச்சா அந்த வெளுப்புக்கு நடுவுல பாருங்க. நாலு புள்ளி நெருக்கமா தெரியும், டிரபீசியம்னு பேரு. நான் சொன்ன இளசுங்க அதுங்கதான்.