சர்க்கரைப் புண்ணுக்கு யூவி விளக்கு காட்டலாமா?

நெல்லைக்காரன்:
அப்பாவுக்கு 68 வயசு, சர்க்கரை ரொம்ப வருஷமா இருக்கு. வலது உள்ளங்கால்ல, பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். ரெண்டு மாசமா ஆறலை. கட்டு மாத்துறோம், மாத்திரையும் போகுது. சித்தப்பா பையன் ஆன்லைன்ல டார்ச் மாதிரி ஒரு யூவி (புற ஊதா ஒளி) விளக்கு வாங்கி அனுப்பியிருக்கான். பெட்டி மேல "99.9% கிருமி நீக்கம்"னு போட்டிருக்கு. கட்டுப் பிரிக்கும்போது அஞ்சு நிமிஷம் காட்டினாப் போதும்ங்கிறான். வீட்டுல தண்ணி சுத்திகரிக்கிற மெஷின்ல இருக்கிறதும் இதே லைட்டுதான், தண்ணியில சாகிற கிருமி புண்ணுல சாகாதாங்கிறது அவன் கேள்வி. எனக்கும் பதில் தெரியலை. காட்டலாமா?

வார்டு சிஸ்டர்:
வேண்டாம் தம்பி. உலக சுகாதார நிறுவனம் கொரோனா சமயத்திலேயே சொல்லிடுச்சு, கை மேலயோ வேற தோல் மேலயோ யூவி விளக்கைக் காட்டாதீங்கன்னு. நல்ல தோலுக்கே இப்படின்னா, திறந்த புண்ணுக்கு? அதுவும் சர்க்கரைக்காரர் காலு. சுட்டாலும் அவருக்கு உறைக்காது.

பிசியோ மதுரை:
சிஸ்டர், அந்த டார்ச் வேண்டாம்னு சொல்றதுல எனக்கும் சம்மதம். ஆனா "புண்ணுல யூவியே கூடாது"ன்னு சொல்லிட்டா வரலாறு தப்பாயிடும். ஆன்டிபயாட்டிக் வர்றதுக்கு முன்னாடியே இது முறையான வைத்தியம். க்ரோமேயர் விளக்குன்னு ஒண்ணு உண்டு: பாதரச ஆவி, குவார்ட்ஸ் கண்ணாடி, சூடு தெரியாம இருக்க உள்ளே தண்ணி ஓடும். புண்ணை ஒட்டியே வைக்கலாம். புரையோடின புண்ணுக்குள்ள விட குவார்ட்ஸ் குச்சி கூட இருக்கு. எங்க படிப்புல இன்னிக்கும் இது பாடம்.

கண்ணை மூடிக்கிட்டு அடிக்கிறதும் கிடையாது. அட்டையில சின்னச் சின்ன ஓட்டை வெட்டி முன்கையில வெச்சு, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒவ்வொரு நேரம் காட்டி, மறுநாள் எது லேசாச் சிவந்திருக்குன்னு பார்ப்போம். அது ஈ-1. அதுல ரெண்டரை மடங்கு ஈ-2, அஞ்சு மடங்கு ஈ-3, பத்து மடங்கு ஈ-4. சீழ் பிடிச்ச புண்ணோட அடிப்பகுதிக்கு மட்டும்தான் அந்தப் பத்து மடங்கு. சுத்தி இருக்கிற தோலை மூடிடுவோம்.

வெயிலான்:
அப்படிச் சொல்லுங்க பிசியோ சார். ஒளியால வைத்தியம் பார்த்ததுக்கு 1903லயே நோபல் கொடுத்திருக்காங்க. டென்மார்க்கோட நீல்ஸ் ஃபின்சன். தோல்ல வர்ற காசநோயைக் குணப்படுத்தினார். மருந்துக் கம்பெனிக்கு இதுல காசு இல்ல, அதான் மூடி மறைச்சுட்டாங்களோன்னு தோணுது.

குவார்ட்ஸ் குழாய்:
ஃபின்சனை இழுத்தா முழுசா இழுங்க. 2005ல டென்மார்க்காரங்களே அவரோட பழைய லென்ஸ், வடிகட்டி எல்லாத்தையும் எடுத்து அளந்து பார்த்தாங்க. கிருமி கொல்லும்னு நாம பேசுற குறுகிய அலைநீள யூவி அதுல வெளியவே வரலை. காசநோய்க் கிருமிக்குள்ள இருக்கிற போர்ஃபைரின்ங்கிற பொருள் நீண்ட அலை ஒளியை வாங்கி, கிருமியை உள்ளிருந்தே அழிச்சிருக்கணும்ங்கிறது அவங்க கணிப்பு. நோயாளிக்குக் குணமானது நிஜம். ஆனா அது இந்த விளக்குக்குச் சாட்சி ஆகாது.

நான் தண்ணி சுத்திகரிப்பு மெஷின் சர்வீஸ்ல இருக்கேன், தம்பி கேட்டதுக்கு வர்றேன். மெஷினுக்குள்ள இருக்கிற குழாய் விடுறது 254 நானோமீட்டர் அலைநீள யூவி. அது கிருமியோட டி.என்.ஏ.வைக் கோத்துப் போட்டு, பெருக விடாமப் பண்ணும். ஆனா தண்ணி கலங்கலா இருந்தா அந்த மெஷினே வேலை செய்யாது. அதான் முன்னாடி ஃபில்டர் வெச்சிருக்கோம். புண்ணுல சீழ், ரத்தம், செத்த சதை. அங்க ஃபில்டர் எங்க? மேல இருக்கிறது சாகும், ஒரு மெல்லிய படலத்துக்குக் கீழே இருக்கிறது சௌக்கியமா இருக்கும்.

அது இருக்கட்டும், அந்த டார்ச்ல என்ன அலைநீளம் போட்டிருக்கு?

நெல்லைக்காரன்:
395–400ன்னு பொடி எழுத்துல இருக்கு. ஊதா கலர்ல எரியுது.

குவார்ட்ஸ் குழாய்:
அது கள்ள நோட்டு பார்க்கிற லைட்டு. அஞ்சு நிமிஷம் காட்டினா ஒண்ணும் சாகாது. நிஜமான 254 டார்ச் வாங்கியிருந்தா அது வேற ஆபத்து. 2022ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. சில யூவி டார்ச்சுகளைப் பேர் சொல்லியே எச்சரிச்சது, சில நொடியிலேயே தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்னு. வெல்டிங் வேலை செய்றவங்களைக் கேளுங்க. அடிச்சப்போ ஒண்ணும் தெரியாது, ராத்திரிதான் கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி அறுக்கும்.

வெயிலான்:
சரி, விளக்கு மட்டம்னா நல்ல விளக்கு வாங்கலாம்ல? 222 நானோமீட்டர்னு புதுசா வந்திருக்கே, தோலுக்கு ஒண்ணும் ஆகாதாமே.

வார்டு சிஸ்டர்:
ஏன் ஒண்ணும் ஆகாது, அதைச் சொல்லுங்க. மேல் தோல்ல செத்த செல் அடுக்கு ஒண்ணு இருக்கு, 222ஐ அது குடிச்சுடுது, உயிருள்ள செல்லுக்குப் போக விடுறதில்ல. புண்ணுல அந்த அடுக்கே கிடையாதே!

பிசியோ மதுரை:
நியாயமான கேள்வி, அதை ஆராய்ச்சி பண்றவங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. 2018ல நியூயார்க்கோட கொலம்பியா பல்கலைக்கழகமும், ஜப்பானோட ஹிரோசாகி பல்கலைக்கழகமும் தனித்தனியா எலிப் புண்ணுல பார்த்தாங்க. மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியையே வெச்சாங்க. கிருமி குறைஞ்சது, 254ல வர்ற மாதிரி டி.என்.ஏ. சேதமும் இல்ல. மருந்துக்கு அடங்கலைன்னா ஒளிக்கும் அடங்காதுன்னு இல்லையே, வழியே வேறல்லவா? இன்னிக்கு நம்ம வார்டுகள்ல வர்ற கல்ச்சர் ரிப்போர்ட்டை, அதாவது எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும்னு சொல்ற பரிசோதனையைப் பார்த்தா இதை ஒதுக்கித் தள்ள மனசு வரலை.

வார்டு சிஸ்டர்:
எலி முதுகுல மேலாகச் சுரண்டின புண்ணும், நாள்பட்ட சர்க்கரைப் புண்ணும் ஒண்ணா சார்? மனுசங்க மேல 222ஐ ஜப்பானோட கோபே நகரத்துல பார்த்தது நல்ல தோல்ல, ஆரோக்கியமானவங்க மேல. படுக்கைப் புண்ணுக்கு ஒளி வைத்தியம் உதவுமான்னு 2014ல காக்ரேன் குழு இருக்கிற ஆய்வையெல்லாம் சேர்த்துப் பார்த்து, முடிவு சொல்ற அளவுக்குச் சான்று இல்லைன்னுதான் எழுதினாங்க.

ஆபரேஷன் தியேட்டர் கதையும் தெரியும்ல? 1930கள்ல டியூக் பல்கலைக்கழகத்துல டெரில் ஹார்ட்ங்கிற சர்ஜன் ஆபரேஷன் மேஜைக்கு மேலயே யூவி விளக்கு மாட்டினார், புண் பழுக்கிறது ரொம்பக் குறைஞ்சதுன்னார். பிறகு அமெரிக்காவுல பல மருத்துவமனையில ஒரே முறையில பெரிசா சோதிச்சு 1964ல வெளியிட்டாங்க. மொத்தக் கணக்குல வித்தியாசமே இல்ல.

பிசியோ மதுரை:
அதே ஆய்வுல, ரொம்பச் சுத்தமான ஆபரேஷன்கள்ல மட்டும் குறைஞ்சதுன்னும் இருக்கு, அதை விட்டுட்டீங்க. அது காத்துல வர்ற கிருமிக்கான சோதனை. ஏற்கெனவே பழுத்த புண்ணுக்கு அதைச் சாட்சியாக் கூப்பிடறது சரியில்ல.

வார்டு சிஸ்டர்:
சரி, அது உங்க பக்கம் ஒரு பாயிண்ட். ஆனா இங்க கேட்டது ஒரு அப்பாவோட காலைப் பத்தி. தம்பி, இதுக்குப் பதில் சொல்லுங்க. கால்ல நாடித்துடிப்பு இருக்கான்னு யாராவது தொட்டுப் பார்த்தாங்களா? புண்ணைச் சுத்திக் காய்ப்பு இருக்கா? குச்சி விட்டு எலும்பு தட்டுதான்னு பார்த்தாங்களா? வீட்டுல எந்தச் செருப்பு?

நெல்லைக்காரன்:
காய்ப்பு இருக்கு, கட்டியா மஞ்சளா. நாடி யாரும் பார்த்த ஞாபகம் இல்ல. குச்சியும் விடலை. சாதா ரப்பர் செருப்புதான். காலையில டீக்கடை வரைக்கும் நடந்துதான் போவார், சொன்னாக் கேக்க மாட்டார்.

வார்டு சிஸ்டர்:
இப்ப விஷயத்துக்கு வந்துட்டோம். ஒவ்வொரு அடிக்கும் உடம்புப் பாரம் அந்தப் புண்ணு மேலயே விழுது. கிருமி எல்லாத்தையும் கொன்னாலும் அது ஆறாது. காய்ப்பைச் சீவணும், செத்த சதையை எடுக்கணும், ரத்த ஓட்டம் பார்க்கணும், எலும்புல இறங்கிடுச்சான்னு எக்ஸ்ரே எடுக்கணும், பாரத்தை இறக்கணும்.

பிசியோ மதுரை:
இதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. இதெல்லாம் முடிச்சு, புண்ணு சுத்தமாகி, அப்பவும் மேல கிருமி நின்னா, டெஸ்ட் டோஸ் பார்த்து யூவி கொடுக்கலாம்னு நான் சொல்வேன்.

வார்டு சிஸ்டர்:
நான் அப்பவும் கொடுக்க மாட்டேன்.

வெயிலான்:
அப்ப வெயில்லயாவது காலை நீட்டி உக்காரலாமா?

குவார்ட்ஸ் குழாய்:
254 சூரியன்லருந்து தரைக்கு வர்றதே இல்லைங்க, ஓசோன் மேலயே தடுத்துடும். உணர்ச்சி இல்லாத காலை வெயில்ல நீட்டினா கொப்புளம்தான் மிச்சம்.

நெல்லைக்காரன்:
பெரியாஸ்பத்திரியில சர்க்கரைப் பாதத்துக்குத் தனி ஓ.பி. உண்டாம், வியாழக்கிழமை கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரைக்காரங்களுக்கான மெத்து ரப்பர் செருப்பு) வாங்கிக் கொடுத்தா டீக்கடைக்குப் போகலாமா?

வார்டு சிஸ்டர்:
புண்ணு திறந்திருக்கும்போது கடையில வாங்குற எம்.சி.ஆர். போதாது. எது போடணும்னு அங்க அளவெடுத்துச் சொல்லுவாங்க. அதுவரைக்கும் டீயை வீட்டுக்கு வரவழைங்க. காய்ச்சல் வந்தாலோ, கால் சிவந்து வீங்கினாலோ வியாழன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.