1972 எம்ஜிபி: பழைய அலாரத்தை மூல ஒயரிங் கெடாமல் கழற்றுவது எப்படி?

குரோம்பம்பர் (கேள்வி):

வணக்கம். ஓராண்டுக்கு முன் நான் வாங்கிய 1972ஆம் ஆண்டு எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) காரில், முந்தைய உரிமையாளர்களில் யாரோ ஒருவர் தனியாக வாங்கிய அலாரம் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். அதற்குக் கையேடு இல்லை. பெட்டியின் மீது தயாரிப்பாளர் பெயரும் இல்லை. பத்து நாள் ஓட்டாமல் நிறுத்தினால், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளும் இறங்கிவிடுகின்றன. சென்ற வாரம் முதல் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிப்பதில்லை. அலாரப் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு முயன்றேன், அப்போதும் பிடிக்கவில்லை. பெட்டியிலிருந்து வரும் ஒயர்கள் அனைத்தும் ஒரே கறுப்பு நிறத்தில் இருப்பதால், எதை எதனோடு சேர்க்க வேண்டும் என்று தெரியாமல் கத்தரிக்கோலை எடுக்கவே அஞ்சுகிறேன். அலாரத்தை முழுவதுமாக நீக்கி, தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்கு ஒயரிங்கைத் திருப்ப விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

செம்புக்கம்பி:

பிளக்கைக் கழற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. இவ்வகை அலாரங்கள் காரின் ஒயரை வெட்டி, வெட்டிய இரு முனைகளுக்கும் நடுவே ஒரு ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை, வைக்கின்றன. ரிலேயின் 30ஆம் முனையும் 87ஏ முனையும் சும்மா இருக்கும்போது சேர்ந்திருக்கும். 85, 86 ஆகியவற்றுக்கு மின்சாரம் கிடைத்தால்தான் பிரியும். இந்த முனைகளைப் பயன்படுத்திப் பொருத்தியிருந்தால், அலாரம் செத்துப்போனாலும் கார் ஓடும். 30ஐயும் 87ஐயும் பயன்படுத்தியிருந்தால் நிலைமை நேர்மாறானது: அலாரம் உயிரோடிருந்து ரிலேயை இழுத்துப் பிடித்தால்தான் ஒயர் முழுமையடையும். உங்கள் காரில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. பல அலாரங்களில் ரிலே பெட்டிக்குள்ளேயே இருக்கும் என்பதால், வெளியே தனி ரிலே கண்ணில் படவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

எந்த ஒயர் வெட்டப்பட்டிருக்கிறது என்பதை அறிய, உங்கள் காரில் எளிய வழி ஒன்று உண்டு. இக்னிஷனை மட்டும் போட்டுவிட்டு, பின்பக்கம் உள்ள எஸ்யூ பெட்ரோல் பம்ப்பைக் கவனியுங்கள். கார்புரேட்டர் நிறையும் வரை அது டிக் டிக் என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லையென்றால் பம்ப்பின் ஒயரிலும், காயிலின் (தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) நேர் முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். காயிலில் 12 வோல்ட் வந்து பம்ப்பில் வராவிட்டால், வெட்டு பம்ப்புக்குச் செல்லும் வெள்ளை ஒயரில் இருக்கிறது. பம்ப்பில் 12 வோல்ட் வந்தும் அது ஒலிக்கவில்லையென்றால், பம்ப்பின் உள்ளே இருக்கும் பாயிண்டுகளையோ (திறந்து மூடும் தொடுமுனைகள்) அதன் எர்த்தையோ (காரின் உடலோடு சேரும் இணைப்பு) சந்தேகியுங்கள். அதற்கு அலாரம் பொறுப்பன்று.

தேடுதலைப் பெட்டியிலிருந்து தொடங்காதீர்கள். கறுப்பு ஒயர்க் கூட்டத்துக்குள் நுழைந்தால் வழி தவறிவிடும். காரின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: ஒரு வெள்ளை ஒயர் எங்கே முடிந்து கறுப்பாகிறதோ, அதே நிறம் மீண்டும் எங்கே தொடங்குகிறதோ, அந்த இரண்டு முனைகள்தாம் ஒரு ஜோடி. ஸ்டார்ட்டரை இயக்கும் சுவிட்சான சோலினாய்டுக்குச் செல்லும் வெள்ளை-சிவப்பு ஒயரையும் இதேபோல் பாருங்கள். ஒரு ஜோடியைச் சேர்த்துச் சோதித்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

எர்த்பாயிண்ட்:

மேலே சொன்ன முறை சரியானது. ஆனால் சோதனைகள் முடிந்து ஒயரை வெட்டுவதற்கு முன் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இந்தக் கார்களில் பழுப்பு நிற ஒயருக்கு ஃபியூஸ் கிடையாது. அலாரத்துக்கு நிரந்தர மின்சாரத்தைப் பெரும்பாலும் அதிலிருந்துதான் எடுத்திருப்பார்கள். இடுக்கி ஒருமுறை அதையும் காரின் உடலையும் ஒன்றாகத் தொட்டால் போதும், ஒயர்க் கட்டு முழுவதும் எரியக்கூடும்.

சில சைரன்களுக்குள் தனி பேட்டரி இருக்கும். கார் பேட்டரியைக் கழற்றியவுடன் அது திருட்டு என்று கருதி அலறத் தொடங்கும். சைரனில் சிறிய சாவித்துளை இருந்தால் முதலில் அதை அணையுங்கள். சாவி இல்லையென்றால் காதை மூடிக்கொண்டு சைரனை அதன் இடத்திலிருந்து முதலில் அகற்றிவிடுங்கள்.

இண்டிகேட்டர்களுக்குச் செல்லும் இரண்டு அலார ஒயர்களைப் பற்றியும் ஒரு சொல். அவை வெட்டிச் சேர்த்தவையல்ல. பச்சை-சிவப்பு, பச்சை-வெள்ளை ஒயர்கள்மீது கிளிப் போட்டு எடுத்தவை. இந்த அலார ஒயர்களை வெட்டிவிட்டு, அந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், இடப்பக்கம் போட்டாலும் இருபக்கமும் சேர்ந்து மின்னும். ஆகவே ஒவ்வொரு முனையையும் தனித்தனியே மூடுங்கள். அதைவிட, கிளிப்பையே கழற்றுவது நல்லது. இந்த நீல நிறக் கிளிப்புகள் செம்பு இழைகளைக் கடித்து அறுத்துவிடுகின்றன. அறுபட்ட இடத்தில் ஈரம் ஏறிப் பச்சை பூத்திருந்தால், நல்ல செம்பு தெரியும் வரை வெட்டியெடுத்து இணையுங்கள். இணைப்பைச் சால்டர் செய்யும்படி பலர் சொல்வார்கள். நான் புல்லட் முனையை (செருகி இணைக்கும் உருண்டையான உலோக முனை) கிரிம்ப் செய்வதையே, அதாவது நசுக்கிப் பொருத்துவதையே விரும்புகிறேன், ஏனெனில் சால்டர் ஏறிய ஒயர் விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பில் முறிவதைக் கண்டிருக்கிறேன்.

செம்புக்கம்பி:

சால்டர் செய்த இடத்துக்கு இருபுறமும் ஒயரைக் கட்டி அசையாமல் வைத்தால் அப்படி முறியாது. எனினும் மூல நிலைக்குத் திருப்புவதே நோக்கம் என்பதால், புல்லட் முனை பொருத்தமானது என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

மழைக்கூரை:

பேட்டரி இறங்குவதை மட்டும் தனியே அளந்து பார்க்கவும். மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, பேட்டரியின் எர்த் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் இடையில் சேருங்கள். அந்த நிலையில் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. கடிகாரம் இல்லாத காரில் ஏறத்தாழ எதுவும் ஓடக் கூடாது. அலாரத்தை நீக்கிய பிறகும் மின்சாரம் ஓடினால், ஆல்டர்னேட்டரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பழுதான டையோடும் இப்படி உறிஞ்சும். மேலும், உங்கள் காப்பீட்டு ஆவணத்தில் அலாரம் இருப்பதாகக் குறிப்பு உள்ளதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

குரோம்பம்பர்:

அனைவருக்கும் நன்றி. முதல் அளவீட்டில் 180 மில்லிஆம்பியர் ஓடியது. கணக்கிட்டால் நாளொன்றுக்கு 4.3 ஆம்பியர்-மணி, பத்து நாளில் பேட்டரி ஏன் இறங்கியது என்பது தெளிவாகிவிட்டது. பம்ப் ஒலிக்கவே இல்லை, காயிலில் 12 வோல்ட் வந்தது. வெள்ளை ஒயரின் இரு முனைகளும் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் டேப்புக்குள் சுற்றப்பட்டிருந்தன. அவற்றைப் புல்லட் முனையால் சேர்த்ததும் பம்ப் உடனே ஒலித்தது. எஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடித்தது. வெள்ளை-சிவப்பு ஒயரிலும் ஒரு வெட்டு இருந்தது, அதையும் சேர்த்துவிட்டேன். சைரனில் தனி பேட்டரி இருந்ததால் அந்த எச்சரிக்கை என் காதுகளைக் காப்பாற்றியது. அலாரத்தை நீக்கிய பின் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. காப்பீட்டில் அலாரம் பற்றிய நிபந்தனை எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது: வலப்பக்க இண்டிகேட்டர் மட்டும் மங்கலாகவும் மெதுவாகவும் மின்னுகிறது. பச்சை-வெள்ளை ஒயரில் கிளிப் இருந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றே இழைகள்தாம் மிச்சம். நாளை அதை வெட்டி இணைக்கப்போகிறேன்.